ஊருக்குத் தண்ணீர் நின்றுபோனால்: முதல் மணி நேரத்திலிருந்து கடைசி வீட்டுக் குடம் வரை

காலை ஐந்தரைக்கு வர வேண்டிய தண்ணீர் ஏழு மணியாகியும் வரவில்லை. குழாயடியில் குடங்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன. எட்டு மணிக்குள் ஊர் முழுக்க ஒரு செய்தி பரவிவிடும்: "போர் வத்திப்போச்சாம்." யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில் எங்கள் ஊரிலும் இதுதான் நடந்தது. போர் வற்றிவிட்டது என்று நம்பி இரண்டு நாள் லாரித் தண்ணீருக்கு அலைந்தோம். மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கான்டாக்ட் கருகிக் கிடந்தது. மாற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போரில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. கைப்பம்பில் நின்று கை வலித்தவர்கள் அன்று திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே கேள்வியில் தொடங்குகிறது. தண்ணீர் வற்றியதா, வருவது நின்றதா? இதற்குப் பதில் தெரியாமல் செய்கிற எல்லா வேலையும் பாதி வீண்.

முதல் மணி நேரம்: வால்வை மூடு, மோட்டார் ரூமுக்குப் போ

முதல் வேலை, மேல்நிலைத் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று ஏறிப் பார்த்து, வெளியே போகிற கேட்வால்வை மூடுவது. டேங்க் ஆபரேட்டர் தயங்குவார், "அண்ணே, ஊரே என்னைத் திட்டும்" என்பார். திட்டட்டும். 30,000 லிட்டர் தொட்டியில் கால்வாசி இருந்தாலே 7,500 லிட்டர். திறந்துவிட்டால் பள்ளத்துத் தெரு அரை மணி நேரத்தில் அண்டா, டிரம் எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளும், மேட்டுத் தெருவுக்கு ஒரு சொட்டும் போகாது. மூடி வைத்தால் ஊருக்கே குடிக்க, சமைக்க அரை நாளாவது வரும். மூடிய கையோடு ஏன் மூடினீர்கள், எத்தனை மணிக்கு எங்கே கொடுப்பீர்கள் என்பதைக் கோயில் மைக்கிலோ ஆட்டோ வைத்தோ அறிவித்துவிடுங்கள். சொல்லாமல் மூடினால்தான் சண்டை வரும்.

அப்புறம் மோட்டார் ரூம். பேனல் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள் இருக்கும். மூன்றும் ஒரே அளவில் எரிகின்றனவா பாருங்கள். ஒன்று அணைந்திருந்தாலோ மங்கலாக எரிந்தாலோ ஒரு ஃபேஸ் இல்லை, அதாவது மோட்டாருக்கு வருகிற மூன்று கரண்ட் லைன்களில் ஒன்று சரியாக வரவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் பச்சை பட்டனை அழுத்தவே கூடாது. இரண்டு ஃபேஸில் ஓடினால் மூன்று ஃபேஸ் மோட்டார் சூடேறிக் காயில் போய்விடும். அரை நாளில் தீர வேண்டிய கோளாறு, மோட்டாரை மேலே தூக்கி, ரீவைண்டிங் கடைக்கு அனுப்பி, திரும்ப இறக்குவது என்று ஒரு வாரத்துக்கு இழுக்கும். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போயிருந்தால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். மின்சாரப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. ஊர் இளைஞர் யாராவது கட்டையும் கம்பியுமாக டிரான்ஸ்பார்மரை நோக்கிக் கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

மூன்று ஃபேஸும் இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். வழக்கத்தைவிட முள் கீழே நின்றால் மோட்டார் சும்மா சுற்றுகிறது. நீர்மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கலாம், உள்ளே பைப் விட்டுப்போயிருக்கலாம். முள் வழக்கத்தைவிட ஏறினால் எங்கோ இறுக்கம், மணல் கட்டியிருக்கலாம். இரண்டிலுமே உடனே நிறுத்திவிடுங்கள். முதலில் நன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இது ஒன்றுதான் "போர் வத்துது" என்று சொல்லத் தகுந்த அறிகுறி. அப்போதும் உடனே கைவிட வேண்டாம். அரை மணி ஓட்டி, ஒரு மணி நேரம் ஊற விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். போரின் ஆழத்தில் இடம் இருந்தால் இரண்டு லென்த் பைப் கூடுதலாகச் சேர்த்து பம்பை இறக்கலாம். புது போர் போடுவதைவிட இது எவ்வளவோ மலிவு.

போர் எவ்வளவு தருகிறது என்பதை வாய்ச்சொல்லாக விடாதீர்கள். 20 லிட்டர் வாளியைப் பிடித்து, செல்போனில் நேரம் பாருங்கள். 24 நொடியில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர். ஒரு நிமிடம் ஆனால் மணிக்கு 1,200தான். அதிகாரியிடம் பேசும்போது இந்த எண்ணுக்கு இருக்கிற மரியாதை வேறு.

மோட்டாரும் சரி, போரும் சரி என்றால் லைனில்தான் கோளாறு. தொட்டியிலிருந்து வெளியே போகிற பைப்போடு நடந்து போங்கள். வெயில் காலத்தில் காய்ந்த தரையில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தால் அங்கே உடைப்பு. ரோடு போட்ட ஜேசிபி, கேபிள் புதைக்கத் தோண்டிய குழி இவை முதலில் சந்தேகப்பட வேண்டியவை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பிய ஊர் என்றால் கோளாறு 40 கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். பக்கத்து ஊர்களுக்கு வருகிறதா என்று இரண்டு போன் போட்டாலே தெரிந்துவிடும். அவர்களுக்கும் இல்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பராமரிப்புப் பொறியாளரிடம் எத்தனை நாள் ஆகும் என்று நேராகக் கேளுங்கள். ஒரு நாளா, பத்து நாளா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லா ஏற்பாடும்.

மின்சாரமே இல்லாத நாட்கள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருந்தது, மேலே எடுக்கத்தான் வழியில்லை. ஆழமான போரை மட்டும் நம்பி, பழைய கிணற்றைக் குப்பை கொட்டி மூடிய ஊர்கள் அதிகம் தவித்தன. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பித்தான் பல இடங்களில் சமாளித்தார்கள்.

5 எச்.பி. மோட்டாருக்கு 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளமாகப் போதும். கல்யாணத்துக்கு லைட் போடுகிற ஆட்களிடமே கிடைக்கும். ஆனால் இணைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கி, லைனைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் மின்சாரம் பின்வழியாகக் கம்பத்துக்குப் போகும். அங்கே கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் ஏறியிருப்பார். எலக்ட்ரீசியன் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

தலையை எண்ணுங்கள், கேனை எண்ணாதீர்கள்

"ஊருக்குத் தண்ணீர் வேண்டும்" என்று கேட்டால் கிடைப்பது வருத்தம் மட்டும்தான். "1,000 பேருக்கு தினம் 15,000 லிட்டர் வேண்டும்" என்று கேட்டால் வண்டி கிடைக்கும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. தட்டுப்பாட்டில் அது நடக்காது. பேரிடர்களில் உலகம் முழுக்கப் பின்பற்றுகிற குறைந்தபட்ச அளவு ஆளுக்கு 15 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே கணக்கு சுலபம், ஆளுக்கு ஒரு குடம். குடும்பத்துக்கு இத்தனை என்று கொடுக்காதீர்கள். மூன்று பேர் உள்ள வீடும் ஒன்பது பேர் உள்ள கூட்டுக் குடும்பமும் ஒன்றல்ல. ரேஷன் கார்டை மட்டும் நம்பினாலும் தப்பு, செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் தங்கியிருக்கிற வெளியூர்க் குடும்பங்கள் விட்டுப்போகும்.

இதற்கு மேல் அங்கன்வாடி, பள்ளிச் சத்துணவு, துணை சுகாதார நிலையம். இவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள். பிரசவமான வீடு, படுக்கையில் இருக்கிற முதியவர் உள்ள வீடு எவை என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார். அந்த வீடுகளுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், அவர்கள் வரிசைக்கு வரக்கூடாது.

மாடுகளை மறக்க வேண்டாம். ஒரு மாட்டுக்கு 30 லிட்டருக்குக் குறையாது, கறவை மாடு என்றால் இன்னும் கூடும். அதை இந்தக் குடக் கணக்கில் சேர்த்தால் மனிதருக்குப் போதாது. உப்புத்தண்ணீர் வருகிற கைப்பம்பையோ, விவசாயக் கிணற்றுத் தொட்டியையோ கால்நடைக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

யாரிடம் சொல்வது

ஊராட்சித் தலைவர் இருந்தால் அவர், இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். கூடவே ஊராட்சிச் செயலர். போனில் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை மணியிலிருந்து இல்லை, காரணம் என்ன, எத்தனை பேர், எத்தனை லிட்டர், எத்தனை நாளைக்கு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசைவு இல்லை என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, ஆனால் வியாழக்கிழமை நின்ற தண்ணீருக்குத் திங்கள் வரை காத்திருக்க முடியாது.

காலிக்குடத்தோடு மறியல் செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் அதிகாரி வருவார், மறுப்பதற்கில்லை. ஆனால் வந்தவரிடம் சொல்லக் கையில் கணக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லாரி தண்ணீரோடு சமாதானமாகி, மறுநாள் அதே இடத்தில் உட்கார வேண்டியதுதான். வழக்கு மட்டும் மிச்சமாகும்.

மாற்றுத் தண்ணீர்

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஊரில் ஓடாமல் கிடக்கிற கைப்பம்புகளில் பல, வாஷர் தேய்ந்ததாலும் செயின் அறுந்ததாலும் நின்றவை. மெக்கானிக் ஒரு நாளில் இரண்டு மூன்றைச் சரிசெய்துவிடுவார். அடுத்தது விவசாயப் போர். நல்ல தண்ணீர் உள்ள விவசாயி பெரும்பாலும் மறுக்க மாட்டார், ஆனால் அவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து ஊருக்குத் தண்ணீர் எடுப்பதற்கான அனுமதியை வட்டார வளர்ச்சி அலுவலகம் மூலம் எழுத்தில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். அவருடைய பயிரும் காயக்கூடாது.

எந்தத் தண்ணீரையும் ருசி பார்த்து மட்டும் ஏற்காதீர்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் பெட்டியும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பெட்டி எங்கே என்று தேடுங்கள், பல ஊர்களில் பீரோவுக்கு மேல் இருக்கும். இந்தியத் தர அளவுப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஒகேனக்கல் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றி வைத்து, ஓரிரு நாளில் கருப்பானால் அந்தத் தண்ணீரை மருந்து போடாமல் தொடக்கூடாது.

லாரி, டிராக்டர் டேங்கர் வந்தால் முதல் கேள்வி, இதற்கு முன் இதில் என்ன ஏற்றினீர்கள்? கழிவுநீர் ஏற்றிய வண்டி என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். மேல்மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். எந்தக் கிணற்றில் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

பங்கிடும் இடத்தில்

டேங்கரிலிருந்து நேராகக் குடத்தில் பிடிக்க விடாதீர்கள். வண்டி ஒன்றரை மணி நேரம் தெருவில் நிற்கும், தள்ளுமுள்ளு நடக்கும், பாதித் தண்ணீர் மண்ணில் போகும். தெருவுக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டியை மேடையில் வைத்து, நான்கு குழாய் பொருத்தி, டேங்கர் அதில் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போகட்டும். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் மூன்று நடை அடித்தால் ஆயிரம் பேருக்கு ஆச்சு.

குழாய்க் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு குடம் நிறைய இரண்டு நிமிடம் என்று வையுங்கள். 1,000 குடத்துக்கு 2,000 நிமிடம். நான்கு குழாய் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல், எட்டுக் குழாய் என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அவர்களுக்கு அதிகாலையிலோ அந்தியிலோ ஒரு முறை தனியாகக் கொடுங்கள். இதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்தால் நேரம் கட்டாயம் தப்பாகத்தான் வரும். குழாயடியில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். டேங்கர் முதலில் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதில் ஊரின் சாதி முழுக்கத் தெரிந்துவிடும். பல ஊர்களில் தலித் மக்கள் வாழும் காலனி, பைப்லைனின் கடைசியில் இருக்கிறது. சாதாரண நாளிலேயே அங்கே நூலாகத்தான் வரும், தட்டுப்பாட்டில் அதுவும் நின்றுவிடும். எனவே முதல் நடையைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். எங்கள் ஊரில் இதற்கு முணுமுணுப்பு வந்தது. மூன்றாம் நாள் அடங்கியது, ஏனென்றால் முன் தெருவுக்கும் தண்ணீர் தவறாமல் போனது. அன்றைய வேலை முடிந்ததா என்று பார்க்க நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன். கடைசி வீட்டில் குடம் நிறைந்திருக்கிறதா?

குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் விடுகிற நேரத்தில் அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்டை நிறுத்தச் சொல்லும் ஊர்களும் உண்டு. முதலில் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள், அதற்கும் கேட்காவிட்டால் இணைப்பைத் துண்டிக்க ஊராட்சிக்கு எழுதுங்கள்.

பிளீச்சிங் பவுடர்: கை அளவில் போடாதீர்கள்

தட்டுப்பாட்டில் தாகத்தைவிட வேகமாக வருவது வயிற்றுப்போக்கு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. நல்ல பவுடரில் நான்கில் ஒரு பங்காவது குளோரின் இருக்கும் என்பதால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். மூட்டை பிரித்துப் பல மாதமாகி, வாசனையே இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான், அதை நம்பாதீர்கள்.

பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விடுங்கள். மேலே நிற்கிற தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்குகிற சுண்ணாம்பைத் தூர எறியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில், குளோரின் அளவு காட்டுகிற குளோரோஸ்கோப் வைத்துப் பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் காட்ட வேண்டும், நோய் பரவும் காலத்தில் 0.5. தொட்டிக்கு அடியில் பரிசோதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால் பயனில்லை.

கிணறு என்றால் கொள்ளளவு கணக்கிட வேண்டும். மீட்டரில் அளந்த குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர், அதை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 14,000 லிட்டர், பவுடர் 56 கிராம். கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய வையுங்கள். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் ஊருணித் தண்ணீருக்குத் தேற்றான் கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசுகிற வழக்கம் உண்டு. அது கலங்கலைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது.

தொட்டி மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்த பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை.

வீட்டில்

குடிக்கிற தண்ணீரை நன்றாகத் தளபுளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆற வையுங்கள். குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாதீர்கள், நீளக் காம்புள்ள அகப்பை போதும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் அலசியது செடிக்கு என்று சொல்லித்தர வேண்டியதில்லை, நம் அம்மாக்கள் இதைவிட நன்றாகச் செய்வார்கள்.

குழந்தைக்குப் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பேதி என்றால் அன்றே செவிலியருக்குச் சொல்லுங்கள், அந்தத் தெருத் தண்ணீரை நிறுத்துங்கள். சோர்ந்து கண் உள்ளே போன குழந்தை என்றால் 108.

தண்ணீர் திரும்பி வந்ததும்

எல்லோரும் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். முதல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். காலியாகக் கிடந்த பைப், வெடிப்பு வழியாகச் சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்திருக்கும். லைனின் கடைசியில் இருக்கிற வால்வைத் திறந்து, தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள். தொட்டியை இறங்கிக் கழுவி, அந்த ஒரு நாள் குளோரினைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, மறுநாளிலிருந்து வழக்கம்போலக் கொடுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு, அது மே 1 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும், மூன்றே மூன்று கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். ஒரு ஸ்பேர் மோட்டார், பேனல் போர்டில் ஃபேஸ் போனால் தானே நிறுத்துகிற கருவி, மூடிக்கிடக்கிற பழைய கிணற்றைத் தூர்வாருவது. எங்கள் மோட்டார் ரூமில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்குகிறது. தினம் எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம், வாளி நிறைய எத்தனை நொடி என்று ஆபரேட்டர் எழுதுகிறார். போன பங்குனியில் 24 நொடி 31 ஆனபோது அவரே வந்து சொன்னார். பம்பை இரண்டு லென்த் இறக்கினோம். குழாயடியில் யாருக்கும் விஷயமே தெரியாது.